பெல்லட் கிடைக்காத காலத்தில் பயிற்சி: வேலூர்க் குறிப்புகள்

கேள்வி, 14 ஜூன் 2021 (குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர்)

ஊரடங்கு தொடங்கி ஒரு மாதத்துக்கு மேலாகிறது. ஏர் ரைபிளில் போடும் ஈயக் குண்டு, அதாவது பெல்லட், என்னிடம் இருப்பது கடைசி டின்னில் பாதி. சென்னையில் மூன்று கடைகளில் விசாரித்துவிட்டேன். அடுத்த சரக்கு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அமெரிக்காவில் இலக்குச் சுடுதல் பழகுகிறவர்கள் சுட்ட தோட்டாவையே வீட்டில் மீண்டும் நிரப்பிக்கொள்கிறார்கள் என்று படித்தேன். நாமும் அப்படி ஏதாவது செய்தால் என்ன? சுட்ட பெல்லட்டுகளைப் பொறுக்கி உருக்கி மறுபடி வார்க்க முடியாதா? காட்பாடிப் பக்கத்திலேயே அரசு வெடிபொருள் தொழிற்சாலையை வைத்துக்கொண்டு நாம் ஏன் பெல்லட்டுக்கு ஜெர்மனியை எதிர்பார்த்துக் கிடக்க வேண்டும்?

14 ஜூன் 2021, இரவு

தம்பியின் கேள்வியில் மூன்று வெவ்வேறு பொருள்கள் கலந்து கிடக்கின்றன. பிரித்து வைத்துக்கொண்டால்தான் பதில் சொல்ல முடியும்.

நாம் பத்து மீட்டரில் சுடும் ஏர் ரைபிளில் வெடிமருந்து என்பதே கிடையாது. 200 பார் அழுத்தத்தில் அடைத்த காற்று, ஏறத்தாழ 0.53 கிராம் எடையுள்ள ஈயப் பெல்லட்டை நொடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் தள்ளுகிறது, அவ்வளவுதான். அதில் நிரப்புவதற்கு எதுவும் இல்லை. 50 மீட்டரில் சுடும் .22 தோட்டாவில் மருந்து உண்டு. ஆனால் அதைப் பற்றவைக்கும் பொருள் பித்தளைக் கூட்டின் அடி விளிம்புக்குள் படிந்திருக்கிறது, துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பை நசுக்கித்தான் தீயை எழுப்புகிறது. ஒரு முறை நசுங்கிய விளிம்பு மறுபடி உதவாது. அமெரிக்காவில் நிரப்புவது வேறு வகை. அந்தத் தோட்டாவின் அடியில் நடுவே பிரைமர் என்ற சிறு மூடி தனியாக இருக்கும். கூடு, பிரைமர், மருந்து, குண்டு ஆகிய நான்கில் கூடு ஒன்றைத்தான் அவர்கள் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். மற்றவற்றில் பிரைமரையும் மருந்தையும் கடையில் வாங்கியே ஆக வேண்டும். 2020 முதல் அங்கே முதலில் காணாமல் போனது அந்தப் பிரைமர்தான். தோட்டா விற்றுப் பெயர் வாங்கிய ரெமிங்டன் நிறுவனமே 2020 ஜூலையில் திவால் மனு கொடுத்து, பிறகு துண்டு துண்டாக விற்கப்பட்டது. ஆக, நிரப்பத் தெரிந்தவர்களும் நம்மைப் போலவே காலிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

காட்பாடித் தொழிற்சாலை பற்றி: அங்கே செய்வது கல்குவாரிக்கும் சுரங்கத்துக்கும் பாறை பிளக்கும் வெடிபொருள். துப்பாக்கி மருந்து படிப்படியாக எரிந்து குண்டைத் தள்ள வேண்டும். பாறை வெடி நொடியில் நொறுக்க வேண்டும். பெயர் ஒன்றாகத் தோன்றுவதால் வேலையும் ஒன்றென்று நினைக்க வேண்டாம்.

15 ஜூன் 2021

நேற்று எழுத விட்டது. இந்தியாவில் தோட்டா தயாரிப்பதற்கு உரிமம் வேண்டும் என்று 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. நம் ஏர் ரைபிள் 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் கொண்டிருப்பதால் 2016ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் தேவைப்படாத வகையில் அடங்குகிறது. போட்டி ரைபிளின் ஆற்றல் எட்டு ஜூல் அளவைக்கூடத் தொடுவதில்லை. அந்தச் சலுகையைத் தோட்டாவுக்கும் நீட்டிக்கொண்டு யாரும் வம்பில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே இதைத் தனியாக எழுதுகிறேன்.

19 ஜூன் 2021

இன்று வீட்டில் இருப்பதை எண்ணினேன். முழு டின் நான்கு, பிரித்த டின் ஒன்று. ஒரு டின்னில் 500 பெல்லட். போட்டி 60 குண்டு, அதற்கு முன் சரிபார்க்கும் குண்டுகள் பதினைந்து இருபது. மகள் நாளொன்றுக்கு 80 வீதம் வாரத்தில் ஆறு நாள் சுடுகிறாள் என்றால் வாரத்துக்கு ஒரு டின் தீர்ந்துவிடுகிறது. ஆகஸ்டு பிறப்பதற்குள் கை காலி.

என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். சரக்கு வந்ததும் கடன் வாங்கியாவது ஒரே பேட்ச்சில் இருபது டின் எடுத்து வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். ஒரே எந்திரத்தில் ஒரே நாளில் அழுத்தியெடுத்த பெல்லட்டுகள் ஒன்றுபோல் பறக்கும்; அடுத்த பேட்ச் அப்படிப் பறக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. 2018இல் ஒரு மாவட்டப் போட்டிக்கு முந்திய வாரம் எங்கள் பேட்ச் தீர்ந்து, புதிய டின்னைப் பிரித்துச் சுட்டு, ஒரே நிலையில் நின்று ஒரே மாதிரி மூச்சை அடக்கிய மகள், தன் குண்டுகள் ஏன் இடது கீழே போகின்றன என்று புரியாமல் அழுததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பிழை அவள் கையில் இல்லை, டின்னில் இருந்தது. அன்றிலிருந்து நான் சேர்த்து வைக்கிற கட்சி.

27 ஜூன் 2021

பெல்லட் வார்ப்பது பற்றி மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டுவிட்டார்கள். ஒருவர் பழைய கார் பேட்டரியிலிருந்து ஈயம் எடுத்து, சமையலறைக் கேஸ் அடுப்பில் உருக்கியே பார்த்துவிட்டாராம். தயவுசெய்து நிறுத்துங்கள்.

ஈயம் 327 டிகிரியில் உருகும். அதனாலேயே இது எளிது என்ற எண்ணம் வருகிறது. பேட்டரித் தகட்டில் இருப்பது ஈயம் மட்டுமன்று. அமிலமும், ஈயத்தோடு கலந்த வேறு உலோகங்களும் உண்டு. சூடாக்கும்போது எழும் புகையும், மேலே மிதக்கும் சாம்பலும், அடுப்பு மேடையில் படியும் தூளும் வீட்டிலிருக்கும் சிறு குழந்தையின் வாய்க்குத்தான் முதலில் போகும். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கிறது. கெட்டதைத் திரும்பச் சரிசெய்ய மருந்து இல்லை. ராணிப்பேட்டையிலும் வாணியம்பாடியிலும் தோல் பதனிட்ட கழிவு நிலத்தடி நீரில் இறங்கி என்ன செய்தது என்று கண்ணால் கண்ட மாவட்டத்துக்காரர்கள் நாம். உலோகம் உடம்புக்குள் போவது பற்றி நமக்கு வேறு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அத்தனை துன்பத்துக்கும் பலனாவது உண்டா என்றால் அதுவும் இல்லை. போட்டிப் பெல்லட்டை யாரும் வார்ப்பதில்லை. ஈயக் கம்பியை வெட்டி, அச்சில் வைத்து அழுத்தி உருவாக்குகிறார்கள். தலை விட்டம் 4.49, 4.50 என்று ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் தனித்தனி டின்னாக விற்கிறார்கள். வீட்டு வார்ப்பில் அது நடக்காது. சுட்ட பெல்லட் இரும்புப் பெட்டியில் மோதித் தட்டையாகிவிடுகிறது. அதைச் சேர்த்து வைத்துப் பழைய உலோகம் வாங்குபவரிடம் எடைக்குப் போடுவது மட்டுமே சரி. குப்பையில் கொட்டாதீர்கள். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் வாயில் வைக்காதீர்கள். என் மகள் பெல்லட்டை உதட்டில் கவ்விக்கொண்டு ரைபிளைத் திறக்கும் பழக்கத்தை விடுவதற்கு எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

10 ஜூலை 2021

இன்று மக்கான் சந்திப்பில் சிப்பாய்ப் புரட்சி நினைவுத் தூணைக் கடந்து வந்தேன். 1806 ஜூலை 10 விடியற்காலையில் கோட்டைக்குள் எழுந்த இந்தியச் சிப்பாய்களைப் பற்றி இந்த ஊர்ப் பிள்ளைகள் பள்ளியிலேயே படித்துவிடுகிறார்கள். அந்தக் காலையின் இன்னொரு பக்கம் எனக்கு இந்த வாரம் முழுவதும் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கோட்டை மதிலின் மேல் ஒதுங்கிய 69ஆம் படைப்பிரிவு ஆங்கிலேயர்களிடம் தோட்டா தீர்ந்துபோயிருந்தது. ஆற்காட்டிலிருந்து குதிரையில் விரைந்து வந்த ஆங்கிலப் படை அதிகாரி கில்லெஸ்பி கயிற்றைப் பிடித்து மதிலேறியபோது அவர்கள் கையில் மிஞ்சியிருந்தது துப்பாக்கி முனையிலிருந்த ஈட்டிக் கத்திதான். பின்னால் வந்த பீரங்கிகள் கதவைத் தகர்த்த பிறகு உள்ளே சிப்பாய்கள் கொல்லப்பட்ட விதம் எந்த வேலூர்க்காரராலும் ஆறிய மனத்தோடு படிக்கக்கூடியதன்று.

இதை இங்கே எழுதக் காரணம் உண்டு. எங்கள் கையில் இருப்பது ஆயுதத்தின் வழிவந்த பொருள்தான். ஆனால் எங்களுக்குத் தீர்ந்துபோகும் குண்டினால் யாருடைய உயிரும் போவதில்லை, ஒரு பயிற்சி நாள் போகிறது. இந்த அளவை மனத்தில் வைத்துக்கொண்டால், கள்ளத்தனமாக எங்காவது வாங்கலாம், அடுப்பில் உருக்கலாம் என்ற அவசரங்களெல்லாம் அடங்கிவிடுகின்றன.

24 ஜூலை 2021

டோக்கியோ ஒலிம்பிக்கில் முதல் தங்கமே பத்து மீட்டர் ஏர் ரைபிளில்தான். சீனாவின் யாங் சியான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் தகுதிச் சுற்றில் 626.5 எடுத்து 16ஆம் இடம். முதல் எட்டுப் பேருக்குத்தான் இறுதிச் சுற்று. மகள் காலையிலிருந்து தொலைக்காட்சி முன்னாலிருந்து எழுந்திருக்கவில்லை.

60 குண்டுக்கு 626.5 என்றால் சராசரி 10.44. ஒரு குண்டுக்கு அதிகபட்சம் 10.9; அறுபதும் அப்படி விழுந்தால் 654. அதாவது உலகத் தரத்தில் இருக்கும் ஒரு பெண் ஒவ்வொரு குண்டிலும் அரைப் புள்ளிக்கும் குறைவாகத்தான் விட்டுக்கொடுத்திருக்கிறார். அதற்கே 16ஆம் இடம். பெல்லட் பேட்ச்சைப் பற்றி நான் ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்று கேட்டவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

8 ஆகஸ்டு 2021

எங்கள் டின் தீர்ந்தது. ஒரு நண்பர் மூலம் வேறு பிராண்டில் இரண்டு டின் கிடைத்தது. ஆளின் கைப்பிழை கலந்துவிடக் கூடாது என்பதற்காக ரைபிளை மரப் பலகையில் பொருத்திய வைஸில் (பொருளை அசையாமல் பிடிக்கும் இடுக்கியில்) ரப்பர் வைத்து இறுக்கி, மாடியின் ஒரு கைப்பிடிச் சுவரிலிருந்து எதிர்ச்சுவரில் வைத்த இரும்புப் பெட்டிக்குப் பத்து பத்தாகச் சுட்டேன். பழைய டின்னில் மிச்சம் வைத்திருந்த பத்தில் எல்லாத் துளைகளும் சேர்ந்த வட்டம் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்புக்கு 5.8 மில்லிமீட்டர். புதியதில் 8.1.

பெல்லட் விட்டம் 4.5, அதைக் கழித்தால் நடுப்புள்ளிகள் பரவிய அகலம் பழையதில் 1.3, புதியதில் 3.6. மையத்திலிருந்து ஒவ்வொரு கால் மில்லிமீட்டருக்கும் 0.1 புள்ளி போகிறது. ஆகவே குறி அணுவும் பிசகாமல் சுட்டாலும் பழைய டின்னில் மோசமான குண்டு 10.7 விழும், புதியதில் 10.2 விழும். சுடுபவர் ஒரு தவறும் செய்யாமலே 0.7 புள்ளியை இழக்கிறார்.

9 ஆகஸ்டு 2021

நேற்றைய கணக்கில் தவறு என்னுடையது. பிராண்டை மாற்றும்போது குழலுக்குள் பழைய ஈயப் படிவு இருக்கும். முதல் இருபது முப்பது பெல்லட்டை எண்ணிக்கையில் சேர்க்காமல் சுட்டுக் கழித்த பிறகுதான் க்ரூப்பை, அதாவது துளைகள் சேர்ந்த வட்டத்தை, அளக்க வேண்டும். தெரிந்திருந்தும் பெல்லட்டை வீணாக்க மனம் வராமல் ஐந்தோடு நிறுத்திவிட்டேன். இன்று முப்பது கழித்துவிட்டு மறுபடி அளந்ததில் 7.2 வந்தது. மோசமான குண்டு 10.4. இப்போதும் பழையதற்கு ஈடில்லை. ஆனால் நேற்று நான் எழுதியதைப் படித்து அந்தப் பிராண்டை யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். பெல்லட்டை மிச்சம் பிடிக்கப் போய்ப் பொய்யான அளவை எழுதிவைத்தேன் என்பது எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

22 ஆகஸ்டு 2021

இந்த இரண்டு வாரமாக முறையை மாற்றியிருக்கிறோம். எண்பது குண்டுக்குப் பதில் இருபது. மீதிக்கு வெற்றுப் பயிற்சி. போட்டி ரைபிளில் காற்றை விடாமல் டிரிகரை மட்டும் இயக்கும் வசதி இருக்கிறது, அதைத் திருப்பி வைத்துக்கொண்டால் எத்தனை முறை வேண்டுமானாலும் இழுக்கலாம்.

முதலில் மகளுக்குச் சலிப்புத் தட்டியது. துளை விழாத தாளை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பது? அவள் பழைய பயிற்சியாளர் தொலைபேசியில் ஒரு வழி சொன்னார்: இலக்குத் தாளைத் திருப்பிப் போட்டு வெறும் வெள்ளையில் சுடட்டும். கறுப்பு வட்டம் இல்லாதபோது கண் குறியைத் துரத்துவதில்லை. விரல் என்ன செய்கிறது, இழுத்த நொடியில் குழல் எந்தப் பக்கம் நகர்கிறது என்பது தெரிகிறது. நான் அவள் தோளுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு இழுப்புக்கும் அவள் சொல்வதை எழுதினேன். "வலது." "நல்லது." "சீக்கிரம் இழுத்துட்டேன்பா." "நல்லது." "தெரியலை." நாற்பதில் ஒன்பது "தெரியலை" வந்தது. பத்து நாள் கழித்து அது இரண்டானது. துளையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லாததால், தன் உடம்பைக் கேட்டுத் தெரிந்துகொள்ளப் பழகிவிட்டாள்.

பிறகு அந்த இருபது குண்டு. முன்பெல்லாம் டின்னிலிருந்து கையில் அள்ளி எடுப்பாள். இப்போது காலையில் இருபதை எண்ணி ஒரு முட்டை அட்டையின் குழிகளில் நிரை நிரையாக வைக்கிறாள். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பி, பாவாடைபோல் விரிந்த பின்பக்க விளிம்பு நெளிந்திருந்தால் ஒதுக்குகிறாள். ஒரு குண்டைச் சுடுவதற்கு முன் ரைபிளை இரண்டு முறை இறக்கி வைப்பதையும் பார்த்தேன். குறி நிலைக்கவில்லையென்றால் வலுக்கட்டாயமாகச் சுடுவதில்லை. மூன்று வருடமாக நான் வாயால் சொல்லி வராத பழக்கம் அது.

.22 சுடுபவர்கள் கவனத்துக்கு: விளிம்புத் தோட்டா ரைபிள் பலவற்றில் அறை காலியாக இருக்கும்போது டிரிகரை இழுத்தால் ஊசி அறையின் விளிம்பையே அடித்துச் சேதப்படுத்தும். உங்கள் ரைபிளின் கையேட்டைப் பார்க்காமல் வெற்றுப் பயிற்சி செய்யாதீர்கள். நான் மேலே சொன்னது ஏர் ரைபிளுக்கு மட்டும்.

12 செப்டம்பர் 2021

ஐந்து டின் வந்தது, கோபமும் வந்தது. பெயர் சொல்ல விரும்பாத ஒரு விற்பனையாளரிடம் ஒரே பேட்ச், தலை விட்டம் 4.49 என்று கேட்டு, முழுப் பணமும் முன்கூட்டியே கட்டினேன். மூன்று டின்னில் ஒரு பேட்ச் எண், இரண்டில் வேறு எண். விலை வழக்கத்தைவிடக் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. கேட்டதற்கு, "இந்தக் காலத்துல கிடைச்சதே பெருசு சார்" என்று பதில். பணத்தைக்கூட விட்டுவிடலாம், ஒரு பிள்ளையின் இரண்டு மாதப் பயிற்சியைக் குழப்பக்கூடிய விஷயத்தை இவ்வளவு அலட்சியமாகச் சொன்னதுதான் தாங்கவில்லை.

இனி வாங்குகிறவர்கள் டின்னின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, எண்ணைப் படித்த பிறகு பணம் கட்டுங்கள்.

இலக்குத் தாள் பற்றிக் கேட்டவருக்கு: லாங்கு பஜார் பக்கம் ஓர் அச்சகத்தில் அடித்துப் பார்த்தோம். வட்டங்களின் அளவு சரியாகவே வந்தது: கறுப்பு 30.5 மில்லிமீட்டர், பத்தின் புள்ளி 0.5. தாள்தான் சரியில்லை. கல்யாணப் பத்திரிகை அட்டையில் துளை கிழிந்து பிசிறாகிறது, அளக்க முடிவதில்லை. வெற்றுப் பயிற்சிக்கு அது போதும். மதிப்பெண் எடுக்கும் நாளுக்கு மட்டும் நல்ல தாளை வைத்துக்கொள்கிறோம்.

3 அக்டோபர் 2021

வேலூர், காட்பாடி, ஆற்காடு, குடியாத்தம் என்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் பத்து மீட்டர் பழகும் ஐந்து குடும்பங்கள் இப்போது ஒருவரோடொருவர் பேசிக்கொள்கிறோம். இத்தனை நாள் பேசாததற்குக் காரணம் இருந்தது. பிள்ளைகள் ஒரே போட்டியில் எதிரெதிரே நிற்கிறவர்கள். நல்ல பேட்ச் எது என்பதை அவரவர் வீட்டு ரகசியமாக வைத்திருந்தோம். நானும் அப்படித்தான் வைத்திருந்தேன்.

ஆற்காட்டுப் பெண்மணி ஒருவர், மகன் சுடுகிறான், முதலில் அதை உடைத்தார். தம்மிடமிருந்த டின்களின் பேட்ச் எண், தலை விட்டம், வைஸில் வந்த அளவு எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிப் படமெடுத்து அனுப்பிவிட்டார். "அண்ணா, உங்க வீட்ல சரியா போகாத பேட்ச் எங்க ரைபிளுக்குச் சரியா போகலாம், எதுக்குச் சும்மா கிடக்கணும்" என்றார். உண்மைதான். குழலுக்குக் குழல் விருப்பம் மாறும். எங்கள் ரைபிள் 7.2க்குக் கீழே இறங்காத அந்த இரண்டாவது டின், குடியாத்தம் தம்பியின் ரைபிளில் 6.1 கொடுத்தது. என் மாடிப்படி அலமாரியில் அது ஏறத்தாழ இரண்டு மாதம் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது, அவரோ ஜூனிலேயே பாதி டின்னை வைத்துக்கொண்டு ஈயத்தை உருக்கலாமா என்று கேட்டவர்.

21 நவம்பர் 2021

பாலாற்றில் இப்படி ஒரு வெள்ளத்தை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. 1903 வெள்ளத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேள்விதான். ஆண்டு முழுவதும் மணலாகக் கிடக்கும் ஆறு இரு கரையும் தொட்டு ஓடுகிறது. எங்கள் தெருவுக்கு ஆற்று நீர் வரவில்லை. ஆனால் மழை நின்றபாடில்லை. கீழ்த்தளத்துச் சுவர்களில் இடுப்பளவுக்கு ஓதம் ஏறிவிட்டது.

இன்று படிக்கட்டு அலமாரியின் அடித்தட்டில் வைத்திருந்த டின்களை எடுத்தேன். அக்டோபரில் சரக்கு கொஞ்சம் தாராளமாக வந்தபோது, ஜூனில் எழுதியபடியே எட்டு டின் சேர்த்திருந்தேன். மூன்று டின்னின் மூடியில் துரு. முதல் டின்னைத் திறந்து மேலிருந்த பஞ்சை எடுத்ததும் பெல்லட்டுகள் திருநீறு தூவியதுபோல் வெளுத்திருந்தன. ஒன்றை ஊக்கால் எடுத்துக் கறுப்புத் துணியில் உருட்டினேன். வெள்ளைப் பொடி கோடு கோடாக விழுந்தது. ஈயம் ஈரக்காற்றில் அரிக்கும்போது உண்டாகும் அந்தப் பொடியும் நஞ்சுதான். துடைத்துச் சுடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். துடைக்கும் பொடி பறந்து மூச்சில் போகும், பெல்லட்டின் அளவும் மாறியிருக்கும். மூன்று டின், 1500 பெல்லட், அப்படியே ஒட்டு நாடா போட்டு மூடி, பழைய ஈயம் எடுப்பவருக்கென்று ஒதுக்கிவிட்டேன்.

இதே மூன்று டின்னுக்காக அக்டோபரில் காட்பாடிப் பையன் ஒருவன் காத்திருந்தான். அவன் தந்தை கேட்டபோது, மாநிலப் போட்டி வரைக்கும் எங்களுக்கே வேண்டும் என்று சொல்லியிருந்தேன். ஜூன் 19 அன்று நான் எழுதிய அறிவுரையை இன்று திரும்பப் பெறுகிறேன். இருபது டின் சேர்க்கச் சொன்னது தவறு. மூன்று மாதத் தேவைக்கு மேல் ஒரு வீட்டில் இருக்க வேண்டியதில்லை. இருந்தால் அது யாரோ ஒருவருடைய பயிற்சி.

22 நவம்பர் 2021

வைக்கும் முறையைக் கேட்டவர்களுக்கு: காற்றுப் புகாத எவர்சில்வர் தூக்கு, அடியில் ஈரத்தை உறிஞ்சும் நீலப் படிக சிலிக்கா ஜெல் பொட்டலம், தரையிலிருந்து இடுப்புக்கு மேலே, வெளிச்சுவரை ஒட்டாத இடம். ஜெல் நிறம் மாறினால் மாற்றிவிட வேண்டும். மாடி அறையும் வேண்டாம்; மே மாதத்தில் அங்கே வெந்துவிடும். எங்கள் வீட்டில் இப்போது புத்தக அலமாரியின் மூன்றாம் தட்டில் இருக்கிறது.

காட்பாடிப் பையனின் தந்தையிடம் இன்று நேரில் போய்ச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் காபி கொடுத்தார்.

19 டிசம்பர் 2021

ஐந்து குடும்பமும் சேர்ந்து ஒரே கணக்கில் வரவழைத்த டின்கள் வந்துவிட்டன. பேட்ச் எண்ணைப் படத்தில் பார்த்த பிறகே பணம் கட்டினோம். எல்லா டின்னிலும் ஒரே எண். மொத்தமாகப் பிரிக்கும் முன், இந்தப் பேட்ச் யார் குழலுக்குப் பொருந்துகிறது என்று பார்ப்பதற்காக ஒரு டின்னை மட்டும் உடைத்து ஐந்து பங்கு வைத்தோம். ஐந்நூறையும் விரலால் எண்ணினால் மென்மையான பாவாடை விளிம்பு நெளியும் என்பதால், நகைக்கடையில் வேலை பார்க்கும் நண்பர் தராசைக் கொண்டுவந்தார். நூறு பெல்லட்டை எண்ணி வைத்து எடை பார்த்ததில் 53 கிராம் காட்டியது. பிறகு மற்ற பங்குகளைக் கரண்டியால் சரித்துச் சரித்து 53க்கு நிறுத்தினோம். பிள்ளைகள் ஐவரும் சுற்றி நின்று தராசின் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் பங்கு காட்பாடிக்குப் போயிற்று. எங்கள் வைஸில் முப்பது கழித்த பிறகு பத்துக் குண்டுத் துளைகளின் அளவு 5.9. ஆற்காட்டில் 6.4 என்று மாலையில் செய்தி வந்தது, அவர்கள் தலை விட்டம் 4.50 உள்ள டின்னைக் கேட்டுப் பார்க்கப் போகிறார்கள்.

குடியாத்தம் தம்பிக்கு: உங்கள் பங்கைப் பஞ்சு வைத்து மாத்திரை டப்பாவில் அடைத்து, நாளை காலைப் பேருந்தில் வருகிறவரிடம் கொடுத்தனுப்புகிறேன். டப்பாவைப் பையின் அடியில் போடாமல் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். முதல் முப்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வந்த அளவை நோட்டில் எழுதிப் படம் அனுப்புங்கள். மோசமாக வந்தாலும் அனுப்புங்கள்.